வாணலியில் ஒரு நீர்க் கணக்கு

மாலை ஆறு மணிக்குமேல் தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு பாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டி கண்ணில் படும். அடுப்பு இரைச்சலோடு எரியும். இரும்புக் கரண்டி சட்டியில் ‘ணங் ணங்’ என்று மோதும். சொன்ன ஐந்து நிமிடத்துக்குள் வெஜ் நூடுல்ஸ் தட்டுக்கு வந்துவிடும். இழை இழையாகப் பிரிந்திருக்கும், கோஸ் நறுக்கென்று கடிபடும், லேசான புகைமணமும் இருக்கும். அதே கோஸையும் கேரட்டையும் சோயா சாஸையும் வாங்கி வந்து வீட்டில் செய்தால் நூடுல்ஸ் கட்டியாகிறது, காய் குழைகிறது, சட்டியின் அடியில் தண்ணீர் தேங்குகிறது.

கடைக்காரரின் கைப்பக்குவம் என்று சொல்லி இதைக் கடந்துபோவது வழக்கம். அந்தக் கைப்பக்குவத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி ஒரே ஒரு பொருளைப் பற்றியது: தண்ணீர். எப்போது நூடுல்ஸுக்குள் அதை ஏற்றுவது, எப்போது வடிப்பது, எவ்வளவு வேகமாக ஆவியாக்கி விரட்டுவது என்ற கணக்கு சரியாக இருந்தால், சாதாரண கேஸ் அடுப்பிலேயே நல்ல வெஜ் நூடுல்ஸ் செய்துவிடலாம்.

நாலாயிரம் ஆண்டு பழைய இழை

சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றின் மேல்பகுதியில் லாஜியா என்ற தொல்லியல் களம் இருக்கிறது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கமும் வெள்ளமும் அந்த ஊரை அழித்தன. வண்டல் மண்ணுக்கு மூன்று மீட்டர் அடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தின் கீழே, மஞ்சள் நிறத்தில் மெல்லிய நூடுல்ஸ் இழைகள் இருந்தன. மூன்று மில்லிமீட்டர் தடிமன், நீளம் ஐம்பது சென்டிமீட்டருக்கும் மேல். 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, அவை தினை, பனிவரகு மாவில் செய்யப்பட்டவை என்று சொன்னது.

சிறுதானிய மாவில் குளூட்டன் கிடையாது. குளூட்டன் இல்லாத மாவைக் கையால் இழுத்து இவ்வளவு நீள இழையாக்க முடியுமா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. மாவைப் பிழிந்து செய்திருக்கலாம் என்ற விளக்கமும் வந்தது. இடியாப்பம் பிழிந்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே புரியும். அரிசி மாவிலும் குளூட்டன் இல்லை. அதனால்தான் அதைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து உரலில் வைத்துப் பிழிய வேண்டியிருக்கிறது.

சீனாவிலிருந்து புறப்பட்ட வதக்கல் நூடுல்ஸ் போன இடத்திலெல்லாம் உள்ளூர் ருசியை ஏற்றுக்கொண்டது. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் சமையல்தான் இந்தியா முழுக்க விற்கும் ‘ஹக்கா நூடுல்ஸு’க்குப் பெயர் கொடுத்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் மஞ்சள் நூடுல்ஸை மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வதக்கி, மாமாக் மீ கோரெங் என்ற தனி உணவாகவே ஆக்கினார்கள். ஊருக்கு ஊர் மசாலா மாறினாலும், சூடான இரும்பில் வெந்த மாவிழையைப் போடும்போது நடக்கும் மாற்றங்கள் ஒன்றே.

மாவுக்குள் நடப்பது

மைதாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் இணைந்து வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அந்த வலைக்குத்தான் குளூட்டன் என்று பெயர். குளூட்டனின் மாவுக்கு மீள்தன்மை தருகிறது, கிளையடின் இழுபடும் தன்மை தருகிறது. பரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கிழியாமல் விரிவதும் இந்த வலையால்தான்.

கடையில் வாங்கும் பல நூடுல்ஸ் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் 500(i), 501(i) என்ற எண்கள் அச்சாகியிருக்கும். முதலாவது சோடியம் கார்பனேட், இரண்டாவது பொட்டாசியம் கார்பனேட். இரண்டும் காரப்பொருள்கள். சீனாவிலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக நூடுல்ஸ் மாவில் சேர்க்கப்படுபவை. காரம் ஏறிய மாவில் குளூட்டன் வலை இறுகி, இழைக்குத் துள்ளலும் கடிபதமும் கிடைக்கின்றன. கோதுமையில் இயல்பாக உள்ள ஃபிளேவோன் நிறமிகள் காரத்தில் மஞ்சளாக மாறுகின்றன. முட்டை சேர்க்காத நூடுல்ஸும் மஞ்சளாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பாக்கெட்டில் இன்னொரு வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஒசாகா பகுதியில் மொமொஃபுகு ஆண்டோ 1958-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸ், வேகவைத்து எண்ணெயில் பொரித்துக் காயவைக்கப்பட்டது. பொரிக்கும்போது உள்ளிருக்கும் நீர் வேகமாக ஆவியாகி வெளியேறி, இழை முழுக்க நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. பிறகு கொதிநீர் அந்தத் துளைகள் வழியே உள்ளே பாய்வதால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடுகிறது. பொரித்த உடனடி நூடுல்ஸில் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கும். ஹக்கா நூடுல்ஸ் என்று விற்பவை பெரும்பாலும் ஆவியில் வெந்து காற்றில் உலர்ந்தவை. எண்ணெய் மிகக் குறைவு, துளைகளும் குறைவு. வேக நேரம் கூடுதலாகும், ஆனால் வாணலியில் புரட்டும்போது உடையாமல் தாங்கும். வதக்கலுக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகையே.

கொதிக்கும் நீரில் விழுந்ததும் மாவுச்சத்துத் துகள்கள் வேலையைத் தொடங்குகின்றன. கோதுமை மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸை ஒட்டி நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். உப்பிய துகள்களிலிருந்து அமைலோஸ் என்ற நீண்ட மூலக்கூறு கசிந்து வெளியே வரும். நூடுல்ஸ் வெந்த நீர் கலங்கலாகத் தெரிவதும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இந்த அமைலோஸால்தான். தண்ணீர் குறைவாக இருந்தால் இந்தப் பசை கெட்டியாகும். 200 கிராம் நூடுல்ஸுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும் என்பது அதனால்தான்.

நீர் இழையின் வெளிப்புறத்திலிருந்து நடுவுக்குப் போகிறது. வெளிப்புறம் வெந்த பிறகும் நடுவில் ஒரு மெல்லிய வெண்கோடு வேகாமல் நிற்கும். ஓர் இழையை எடுத்து நகத்தால் வெட்டிப் பார்த்தால் அது தெரியும். அந்தக் கோடு மறையும் தறுவாயில், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே, வடித்துவிட வேண்டும். மீதி வேக்காட்டை வாணலி பார்த்துக்கொள்ளும்.

வடித்ததும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். வேக்காடு அங்கேயே நிற்கிறது, மேலே படிந்த அமைலோஸ் பசையும் கழுவிப் போகிறது. பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி, அகலமான தட்டில் பரப்பிக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். பலர் தவிர்க்கும் படி இதுதான். இந்தக் கால் மணி நேரத்தில் மேற்பரப்பு ஈரம் உலர்கிறது. கூடவே, இழைக்குள் மிஞ்சிய அமைலோஸ் மூலக்கூறுகள் குளிரக் குளிர மறுபடி நெருங்கி அடுக்காகச் சேர்ந்து இழையை விறைக்கச் செய்கின்றன. ஆறிய இடியாப்பம் விறைப்பதும், எலுமிச்சை சாதத்துக்குச் சோற்றை ஆறவிட்டுக் கிளறுவதும் இதே மாற்றத்தால்தான். விறைத்த இழையே வாணலியின் அடிகளைத் தாங்கும்.

ஒன்றரை கிலோவாட்டின் எல்லை

இனி அடுப்புக்கு வருவோம். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் முழுத் தீயில் இரண்டு முதல் இரண்டரை கிலோவாட் வெப்பம் தருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். சுமாராக ஒன்றரை கிலோவாட், அதாவது விநாடிக்கு 1,500 ஜூல். சீன உணவகங்களின் பெரிய வாணலி அடுப்புகளில் 25 கிலோவாட்டுக்கு மேல் எரிபவை சாதாரணம். வீட்டு அடுப்பைவிடப் பத்து மடங்கு.

இந்த வேறுபாடு எங்கே உறைக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 290 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 2,260 ஜூல் வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. கழுவிய காய்களை நன்றாக வடிக்காமல் வாணலியில் போட்டால் அவற்றோடு 50 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரலாம். அதை மட்டும் ஆவியாக்கவே வீட்டு அடுப்புக்கு ஏறத்தாழ 85 விநாடி பிடிக்கும். அந்த ஒன்றரை நிமிடமும் வாணலியின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். காய் வதங்காது, வேகத்தான் செய்யும்.

முள்ளை முள்ளால் எடுப்பதுபோல், வெப்பப் பற்றாக்குறையைச் சேமித்த வெப்பத்தால் ஈடுகட்டலாம். இரண்டு கிலோ எடையுள்ள இரும்பு வாணலியை 230 டிகிரிக்குக் காயவைத்தால், அது 130 டிகிரிக்கு இறங்குவதற்குள் சுமார் 90,000 ஜூலைக் காய்களுக்குக் கொடுத்துவிடும். முழுத் தீயில் ஒரு நிமிடம் எரிந்ததற்குச் சமம். அரைக் கிலோ அலுமினியக் கடாய் இதில் பாதியைத்தான் தரும். பாட்டி காலத்து இரும்புச் சட்டி பரணில் கிடந்தால், நூடுல்ஸுக்கு அதை இறக்கிவிடலாம்.

வாணலி போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் தேவையில்லை. தோசைக்கல்லில் செய்வதுபோல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும். ‘சுர்’ரென்று பரவி ஆவியானால் சூடு பற்றாது. சொட்டுகள் முத்தாகத் திரண்டு வாணலியில் உருண்டோடினால் பரப்பு ஏறத்தாழ 200 டிகிரியை எட்டிவிட்டது. சொட்டின் அடிப்பகுதி நொடியில் ஆவியாகி, அந்த ஆவிப் படலமே சொட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் இதை விரிவாக எழுதியதால் இது அவர் பெயரால் வழங்குகிறது. சுத்திகரித்த கடலை எண்ணெய் இந்தச் சூட்டைப் புகையாமல் தாங்கும். நான்ஸ்டிக் பாத்திரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் பாத்திரமாக முழுத் தீயில் வைத்தால் சில நிமிடத்தில் அந்தச் சூட்டை எட்டிவிடும்.

உணவகச் சமையல்காரர்கள் வாணலியைத் தூக்கித் தூக்கிப் போடுவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஹங்டாங் கோ, டேவிட் ஹு இருவரும் ஃபிரைடு ரைஸ் வதக்கும் ஐந்து தொழில்முறைச் சமையல்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, 2020-இல் கட்டுரை வெளியிட்டார்கள். விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை வாணலி முன்னும் பின்னும் போகிறது. அதோடு அடுப்பின் விளிம்பில் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. இரண்டு அசைவும் சேர்ந்து உணவை மேலே எறிகின்றன. கருகிவிடும் அளவுக்குக் கடுமையான தீயில், ஒவ்வொரு பருக்கையும் கணநேரம் இரும்பைத் தொட்டுவிட்டு விலகிக் குளிர்ந்துகொள்கிறது. வீட்டு அடுப்பில் அந்த ஆபத்து இல்லை. தூக்கிப் போட்டால் இருக்கிற கொஞ்ச வெப்பமும் வீணாகும். வாணலியைத் தீயைவிட்டு எடுக்காமல், இருபது விநாடிக்கு ஒருமுறை கரண்டியால் அடியோடு புரட்டுவதே வீட்டுக்குப் பொருத்தமான முறை.

வெட்டும் தடிமன், போடும் வரிசை

காய்க்குள் வெப்பம் ஊடுருவும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். கேரட் துண்டின் தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடேறும் நேரம் நான்கு மடங்காகும். அதனால் கத்தி வேலையிலேயே பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது. எல்லாக் காயையும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சிகளாக நறுக்கினால், நூடுல்ஸோடு பின்னிக்கொள்ளும், ஒரே நேரத்தில் பதமும் ஆகும்.

காயின் உறுதிக்குக் காரணம் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின். 85 டிகிரியைத் தாண்டியதும் பெக்டின் கரையத் தொடங்குகிறது. கேரட்டும் பீன்ஸும் அடர்த்தியானவை, முதலில் போட வேண்டும். குடைமிளகாய் அடுத்தது. கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் நீர். செல்கள் உடைந்தால் சட்டியே குளமாகிவிடும். அதனால் அது கடைசி. கோஸ் நீண்ட நேரம் வெந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடை வீசும். ஒரு நிமிடம் வதக்கிய கோஸில் அந்த வாடை இராது, இனிப்புத்தான் தெரியும்.

உப்பை முதலிலேயே போடக் கூடாது. உப்பு பட்டதும் சவ்வூடுபரவலால் செல்களின் நீர் வெளியே இழுக்கப்படும். மேலே சொன்ன 85 விநாடிக் கணக்கு மறுபடி தலைதூக்கும்.

பீன்ஸ் சூட்டில் விழுந்த முதல் நிமிடத்தில் பளிச்சென்று பச்சையாகும். செல்களுக்கிடையே இருந்த காற்று வெளியேறிவிடுவதால் பச்சையம் தெளிவாகத் தெரிகிறது. அதே பீன்ஸில் முதலிலேயே வினிகர் ஊற்றினால், அமிலம் பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றி அதை மங்கிய பாசி நிறமாக்கிவிடும். வினிகரை இறக்கும்போது ஊற்றுவதற்கு இதுவே காரணம். சீக்கிரம் ஆவியாகும் அதன் மணமும் அப்போது வீணாகாது.

பூண்டை நசுக்கும்போது அல்லினேஸ் என்ற நொதி அல்லினைச் சந்தித்து, காரமான மணமுள்ள அல்லிசினை உண்டாக்குகிறது. பூண்டில் சர்க்கரைத் தொடர்கள் அதிகம், நீர் குறைவு. கொதிக்கும் எண்ணெயில் அரை நிமிடத்திலேயே கருகிக் கசக்கும். பொடியாக நறுக்கிய பூண்டும் இஞ்சியும் எண்ணெயில் விழுந்து மணம் வந்த கணமே காய்களைக் கொட்டிச் சூட்டைத் தணிக்க வேண்டும்.

சுவை பிறக்கும் விளிம்பு

பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மய்யார் 1912-இல் விவரித்த வினை, அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குவது. ரொட்டியின் மேலோட்டிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் வரும் மணம் இந்த வினையின் பலன். 140 டிகிரியை ஒட்டித்தான் அது வேகம் பிடிக்கும். ஈரமான பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே கடைச் சுவைக்கு முதல் நிபந்தனை உலர்ந்த பரப்பு.

சோயா சாஸை நூடுல்ஸின் தலையில் ஊற்றாமல் வாணலியின் காய்ந்த விளிம்பைச் சுற்றி ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான். அதில் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் ஏற்கெனவே இருக்கின்றன. சூடான இரும்பில் பட்டதும் அதன் நீர் நொடியில் ஆவியாகி, மீதி பொன்பழுப்பாக மாறி மணக்கும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாஸ் ஊற்றிய நூடுல்ஸில் உப்பைத் தனியாகச் சேர்ப்பதற்குமுன் ருசி பார்ப்பது நல்லது.

சோயா சாஸின் ஆழமான சுவைக்குக் காரணம் குளூட்டமேட். டோக்கியோப் பேராசிரியர் கிகுனே இகேடா 1908-இல் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதைச் சாப்பிட்டால் உடலுக்குத் தொல்லைகள் வரலாம் என்று, 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான வாசகர் கடிதம் கிளப்பிய அச்சம் இன்றுவரை ஓயவில்லை. அதன் பிறகு நடந்த கட்டுப்பாடான சோதனைகளில், உணவில் வழக்கமாகச் சேரும் அளவுக்கு அந்தத் தொல்லைகள் சீராக நிரூபணமாகவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. தக்காளியிலும் காளானிலும் இருப்பது இதே குளூட்டமேட்தான். வீட்டில் நான்கு காளானை நறுக்கி வதக்கிச் சேர்த்தால், பொடி தூவாமலே அந்தச் சுவை கிடைக்கும்.

மிஞ்சினால்

நூடுல்ஸை முன்கூட்டி வேகவைத்து ஆறவிடுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் பிழைத்திருந்து, அறைச் சூட்டில் முளைத்துப் பெருகும். அவற்றில் சில வகைகள் செரூலைடு என்ற நச்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடுபடுத்தினாலும் அது அழியாது. 2008-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஐந்து நாள் வெளியிலேயே இருந்த ஸ்பெகட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் மறுநாள் காலைக்குள் இறந்தார். 2011-இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது.

இவ்வளவு கொடிய முடிவு மிக அரிது. என்றாலும் விதி எளியது. வெந்த நூடுல்ஸை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது. அதற்குமேல் தாமதமாகுமென்றால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அங்கே மாவுச்சத்து இன்னும் வேகமாக விறைக்கும் என்பதால் வதக்கலுக்கு அது தோதாகவும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் நூடுல்ஸ் கெடுவது பெரும்பாலும் ஆசைப்பட்டு அளவைக் கூட்டுவதால்தான். ஒன்றரை கிலோவாட் அடுப்பு ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கான 200 கிராம் காயையும் ஒரு பெரிய கிண்ணம் வெந்த நூடுல்ஸையும் நன்றாகத் தாங்கும். நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தால் நறுக்கலையும் வேகவைத்தலையும் ஒன்றாக முடித்துவிடுங்கள், வதக்கலை மட்டும் இரண்டு தடவையாகப் பிரியுங்கள். இரண்டாம் தடவைக்கு முன் வாணலியைத் துடைத்து, மறுபடி முழுச் சூட்டுக்குக் காயவையுங்கள். கூடுதலாக ஆகும் நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது.